பிரெஞ்சு வகுப்பில் இணையம்: ஆசிரியர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

பிரெஞ்சு கற்க இணையத்தில் என்ன கிடைக்கும் என்று தேடிப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றிவிடும். செயலிகள், யூடியூப் சேனல்கள், பாட்காஸ்ட்கள், இலக்கணப் பயிற்சிகள், வினைச்சொல் அட்டவணைகள் என்று கொட்டிக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் இலவசம். அப்படியானால் ஆசிரியருக்கு இனி என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. வேலை கூடியிருக்கிறது என்பதுதான் என் பதில். முன்பெல்லாம் பாடநூலும் அதோடு வந்த கேசட்டும்தான் வகுப்புக்குள் வரும் பிரெஞ்சு. எதைக் கேட்க வைப்பது, எந்த வரிசையில், என்ன கேள்வியோடு என்பதையெல்லாம் நூலை எழுதியவரே முடிவு செய்திருப்பார். இன்று அந்த முடிவு முழுக்க ஆசிரியர் தலையில்.

பிரெஞ்சு கற்பிக்கப் புதிதாக வந்திருப்பவர்களையும், பள்ளியில் பிரெஞ்சு எடுத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தளங்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும். ஒரு தளத்தில் இருப்பது பாடமாக மாறுவது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் ஒரு பிரிவினையைத் தெரிந்துகொள்ள வேண்டும். இணையத்தில் இருக்கும் பிரெஞ்சில் ஒரு பகுதி, மொழி கற்பவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்டது. மெதுவாகப் பேசுவார்கள், தெரிந்த சொற்களையே போடுவார்கள், ஒரு இலக்கண விதியை நடுவில் வைத்து உரையாடலைக் கட்டியிருப்பார்கள். இன்னொரு பகுதி, பிரெஞ்சுக்காரர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது, பேசிக்கொண்டது: ரயில் நேர அட்டவணை, வானிலை அறிக்கை, வீட்டு வாடகை விளம்பரம், சமையல் குறிப்பு, செய்தி. இந்த இரண்டாவது வகைக்கு பிரெஞ்சு ஆசிரியர்கள் வைத்திருக்கும் பெயர் 'தொக்யுமான் ஒத்தாந்திக்'. நாம் அசல் ஆவணம் என்று வைத்துக்கொள்ளலாம். கற்பிப்பதற்காகச் செய்யப்படாத எதுவும் அசல் ஆவணம்தான்.

இது இணையம் கொண்டுவந்த யோசனை அல்ல. 1970களிலேயே, மொழியை இலக்கண வரிசைப்படி சொல்லித் தருவதை விட்டுவிட்டு, அதை வைத்து என்ன செய்ய முடிகிறது என்று பார்க்கும் போக்கு ஐரோப்பாவில் தொடங்கிவிட்டது. அப்போதே ஆசிரியர்கள் செய்தித்தாள் துண்டுகளையும் மெட்ரோ டிக்கெட்டுகளையும் வகுப்புக்குக் கொண்டுவந்தார்கள். பாரிஸில் இருப்பவருக்கு அது எளிது. சென்னையிலோ ஹனோயிலோ இருப்பவர், யாராவது ஊருக்குப் போய்விட்டு ஒரு பை நிறையத் துண்டுப் பிரசுரங்களோடு திரும்பும்வரை காத்திருக்க வேண்டும். இணையம் முடித்துவைத்தது அந்தக் காத்திருப்பைத்தான்.

ஒரு மதிய உணவுப் பட்டியல்

எனக்குப் பிடித்த ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிரான்சில் தொடக்கப் பள்ளிகளின் மதிய உணவை உள்ளாட்சி நிர்வாகங்கள் நடத்துகின்றன. வரும் வாரம் பிள்ளைகளுக்கு என்ன சாப்பாடு என்ற பட்டியலை ஊரின் இணையதளத்திலேயே போட்டுவிடுவார்கள். ஏதாவது ஒரு பிரெஞ்சு ஊரின் பெயரோடு 'மெனு கான்தீன்' என்று தேடினால் கிடைத்துவிடும். ஒரே பக்கம், பெரும்பாலும் கட்டம் போட்டது, ஓரத்தில் கேரட் படமோ மாட்டுப் படமோ இருக்கும். ஒரு முழு வாக்கியம்கூட அதில் இருக்காது. பிரெஞ்சு தொடங்கிச் சில வாரங்களே ஆன வகுப்புக்கு இதைவிட நல்ல ஆவணம் கிடைப்பது கடினம்.

அனுபவமுள்ள ஆசிரியர் இதைத் திரையில் போட்டதும் படிக்கச் சொல்ல மாட்டார். இது என்ன, யார் எழுதியது, யாருக்காக என்று கேட்பார். பதில் தமிழில் வந்தாலும் சரி. கட்டத்தின் வடிவம், கிழமைகள், படங்கள் ஆகியவற்றை வைத்தே மாணவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு சொல்லும் 'தெரியாமலேயே' ஓர் ஆவணத்தைப் புரிந்துகொண்டோம் என்ற தைரியம் அங்கே கிடைக்கிறது. அடுத்த சுற்றில் சின்னச் சின்னத் தேடல்கள்: மீன் என்றைக்கு? தயிர் எத்தனை நாள்? சாக்லேட் வரும் நாள் எது? மாணவர் பட்டியலை முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. தேட வேண்டும், அவ்வளவுதான். நாமும் நிஜ வாழ்க்கையில் உணவுப் பட்டியலை அப்படித்தானே பார்க்கிறோம்.

பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: ஏன் புதன்கிழமையைக் காணோம்? பல ஊர்களின் பட்டியலில் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி என்று நான்கு நாள்தான் இருக்கும். பிரான்சின் பெரும்பாலான ஊர்களில் தொடக்கப் பள்ளிக்குப் புதன்கிழமை விடுமுறை. பாரிஸ் போன்ற சில இடங்களில் மட்டும் புதன் காலையில் பள்ளி உண்டு. சாப்பாட்டின் அமைப்பும் கண்ணில் படும்: முதலில் துருவிய கேரட்டோ தக்காளியோ, அப்புறம் முக்கிய உணவு, அப்புறம் சீஸ், கடைசியில் பழமோ இனிப்போ. ஆறு வயதுப் பிள்ளையின் பள்ளிச் சாப்பாட்டில் சீஸ் தனி ஒரு கட்டமாக வருகிறது என்பதை எந்தப் பாடநூலின் 'பிரெஞ்சுப் பண்பாடு' பெட்டிச் செய்தியும் இவ்வளவு இயல்பாகச் சொல்லிவிட முடியாது. வாரத்தில் ஒரு நாள் சைவம் என்று குறித்திருப்பதும் தெரியும். உணவு, விவசாயம் பற்றி 2018இல் வந்த எகாலிம் சட்டத்தின் விளைவு அது. முதலில் சோதனை முயற்சியாக இருந்து, 2021இல் நிரந்தரமானது.

இலக்கணத்துக்கு இப்போதுதான் வருகிறோம். உணவுப் பட்டியலில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் எதுவும் இருக்காது. 'மீன்', 'கேரட்', 'சாலட்' என்று மொட்டையாக இருக்கும். ஆனால் நான் மீன் சாப்பிடுகிறேன் என்று பிரெஞ்சில் சொல்ல, மீனுக்கு முன்னால் 'து' வர வேண்டும். சாலட்டுக்கு முன்னால் 'த லா', கேரட்டுக்கு முன்னால் 'தே'. அளவு குறிப்பிடாமல் ஒரு பொருளில் கொஞ்சம் என்று சொல்லும்போது இப்படி ஒரு சிறுசொல் கட்டாயம். தமிழில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. அதனால்தான் நம் மாணவர்கள் பிளஸ் டூ முடிக்கும்வரை இதை விட்டுவிட்டே எழுதுவார்கள். ஆசிரியர் விதியை முதலில் சொல்லாமல், பட்டியலிலிருந்து நான்கைந்து வாக்கியங்களை எழுதிப் போட்டு, எதற்கு எது வருகிறது என்று மாணவர்களையே பார்க்கச் சொல்வார். ஆண்பால், பெண்பால், பன்மை என்று அவர்களே பிரித்துவிடுவார்கள்.

இந்திய வகுப்பில் அடுத்த படி தானாக வரும். யாராவது ஒருவர் நான் சைவம் என்பார். 'நான் இறைச்சி சாப்பிடுவதில்லை' என்று சொல்ல அவருக்கு வாக்கியம் வேண்டும். எதிர்மறையில் அந்த 'து', 'த லா', 'தே' எல்லாம் சுருங்கி வெறும் 'த' ஆகிவிடுகிறது என்ற விதி, அவர் கேட்ட கேள்விக்குப் பதிலாக வந்து சேர்கிறது. கடைசியில் எல்லோரும் தங்கள் வீட்டு மதியச் சாப்பாட்டையோ நம் சத்துணவையோ அதே கட்டத்தில் பிரெஞ்சில் எழுதுவார்கள். முட்டைக்குச் சொல் இருக்கிறது. சாம்பாரை ஒரு பிரெஞ்சுப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது என்பதில்தான் வகுப்பு கலகலப்பாகும்.

ஆவணத்தை எளிதாக்காதே, வேலையை எளிதாக்கு

மேலே நடந்ததைத் திரும்பப் பார்த்தால் ஒன்று தெரியும். பட்டியலில் ஓர் எழுத்தைக்கூட யாரும் மாற்றவில்லை. கேட்ட கேள்விகள்தான் எளிதாக இருந்தன. இணைய வளங்களைக் கையாளும் பிரெஞ்சு ஆசிரியர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்த இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். புதியவர்கள் செய்வது பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. நல்ல கட்டுரை ஒன்றைப் பிடித்து, கடினமான சொற்களை எடுத்துவிட்டு, வாக்கியங்களை வெட்டி, பாடநூல் மாதிரி ஆக்கிவிடுவார்கள். பிறகு அதற்குக் கடினமான கேள்விகள் கேட்பார்கள். உழைப்பும் வீண், அசல் ஆவணமும் போயிற்று.

ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித் திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறது. இன்று எல்லாத் தளங்களும் தேர்வுகளும் இந்தப் படிகளில்தான் பேசுகின்றன. புதியவர்கள் அந்த முத்திரையை ஆவணத்தின் மேல் ஒட்டிப் பார்க்கிறார்கள்: இது பி1 வீடியோ, இது ஏ2 கட்டுரை என்று. உண்மையில் படி என்பது பெரும்பாலும் கொடுக்கும் வேலையில் இருக்கிறது. அதே மதிய உணவுப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஏ2வில் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று இறந்தகாலத்தில் பேச வைக்கலாம். பி1இல், சாப்பாடு சரியில்லை என்று பள்ளிக்குப் பெற்றோர் எழுதும் கடிதம். பி2வில் விவாதமே நடத்தலாம். 2021 பிப்ரவரியில் லியோன் நகர நிர்வாகம், கொரோனா கால இடைவெளி விதிகளைக் காரணம் காட்டி, பள்ளிச் சாப்பாட்டிலிருந்து இறைச்சியைத் தற்காலிகமாக எடுத்தது. விவசாய அமைச்சரே கண்டித்தார், விவசாயிகள் டிராக்டரோடு வந்து நின்றார்கள், நாடு முழுக்கச் சண்டை. அந்தச் செய்திகள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றன. ஆவணம் ஒன்றே, மூன்று வருடத்துக்கு வேலை கொடுக்கும்.

கேட்க வைப்பது

எழுத்தைவிட ஒலியில்தான் ஆசிரியரின் கைத்திறன் தெரியும். எழுதியிருப்பதை மாணவர் தன் வேகத்தில் பார்க்கலாம். பேச்சு அவருக்காக நிற்காது. புதிய ஆசிரியர் ஒரு வீடியோவை முழுதாக ஓடவிட்டு, 'புரிந்ததா?' என்று கேட்பார். வகுப்பு அமைதியாக இருக்கும். இன்னொரு முறை ஓடவிடுவார். அமைதி தொடரும்.

இந்த இடத்தில் கைகொடுப்பவை இரண்டு பெரிய நிறுவனங்கள். ஒன்று டிவி5மோந்த். 1984இல் பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து நாடுகளின் பொதுத் தொலைக்காட்சிகள் சேர்ந்து தொடங்கியது. பிறகு கனடாவும் சேர்ந்துகொண்டது. அவர்களிடம் கற்பவர்களுக்கு ஒரு தளமும் கற்பிப்பவர்களுக்குத் தனியாக ஒரு தளமும் இருக்கின்றன. நிஜச் செய்தித் துணுக்குகள், ஆவணப்படத் துண்டுகள், பாடல் வீடியோக்கள் என்று சில நிமிடங்களுக்கு மேல் போகாதவை. ஏ1 முதல் பி2 வரை படி பிரித்து, பயிற்சியும் எழுத்து வடிவமும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இன்னொன்று பிரான்சின் சர்வதேச வானொலியான ஆர்எஃப்ஐ. 'எளிய பிரெஞ்சில் செய்தி' என்ற பொருளில் அவர்கள் தரும் நிகழ்ச்சி பத்து நிமிடம் ஓடும், எழுத்து வடிவமும் கிடைக்கும். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எளிமை என்பது விளக்கத்தில்: ஒரு நாட்டின் பெயரோ ஓர் அமைப்பின் பெயரோ வந்தால் அது என்ன என்று ஒரு வரி சொல்வார்கள். ஏ1 மாணவரிடம் முழுதாகக் கொடுத்தால் பயந்துவிடுவார். அவருக்குத் தலைப்புச் செய்திகள் வரும் முதல் சில விநாடிகள் போதும்: எந்தெந்த நாடுகளின் பெயர் காதில் விழுந்தது?

டிவி5மோந்தின் ஆசிரியர் தளத்தில் கிடைப்பது 'ஃபீஷ் பெதகோழிக்', அதாவது பாடக்குறிப்பு. எந்தப் படி, எவ்வளவு நேரம், என்ன நோக்கம், எந்த வரிசையில் என்ன செய்வது, மாணவருக்கான தாள், விடைகள், பேச்சின் எழுத்து வடிவம் எல்லாம் ஒரே கோப்பில். புதிய ஆசிரியருக்கு நான் சொல்வது, வீடியோவைவிட முதலில் இந்தக் குறிப்புகளைப் படியுங்கள். ஒரு பத்துக் குறிப்பைப் படித்தால் அதன் எலும்புக்கூடு பிடிபட்டுவிடும். பெரும்பாலும் இப்படிப் போகும்: முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் காட்டுவது, எங்கே நடக்கிறது, யார், என்ன பேசுவார்கள் என்று ஊகிக்க வைப்பது. அடுத்து ஒலியோடு, ஊகம் சரியா என்று பார்க்க மட்டும். மூன்றாவது முறை, குறிப்பிட்ட தகவல்களைத் தேட. எழுத்து வடிவத்தைக் கையில் கொடுப்பது அதற்குப் பிறகுதான். மொழியைக் கவனிப்பதும் அப்போதுதான்: இந்த ஆள் மறுப்பு சொல்ல என்ன சொற்களைப் பயன்படுத்தினார், ஆச்சரியத்துக்கு என்ன சொன்னார். கடைசியில் மாணவர் தானே பேசுவது அல்லது எழுதுவது.

எழுத்து வடிவத்தையும் சப்டைட்டிலையும் முதலிலேயே காட்டிவிட்டால் அது கேட்கும் பயிற்சியாக இருக்காது, படிக்கும் பயிற்சியாகிவிடும். கண் எப்போதும் காதை முந்திக்கொள்ளும். யூடியூப் தானாகப் போடும் சப்டைட்டிலில் இன்னொரு சிக்கலும் உண்டு: பிரெஞ்சில் ஒரே மாதிரி ஒலித்து வேறுவிதமாக எழுதப்படும் சொற்கள் ஏராளம் என்பதால் அது அங்கங்கே தப்பாகப் போடும். பி2 வகுப்பில் அந்தத் தப்புகளைக் கண்டுபிடிக்கச் சொல்வதே ஒரு நல்ல பயிற்சி.

அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றவும் வேண்டாம். அவை பதினைந்து பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்கும் வகுப்பை நினைத்து எழுதப்பட்டவை. நம் பள்ளி வகுப்பில் நாற்பது பேர், பெஞ்சை நகர்த்த முடியாது. 'உங்கள் நாட்டின் நிலையோடு ஒப்பிடுங்கள்' என்ற படி கிட்டத்தட்ட எல்லாக் குறிப்பின் கடைசியிலும் இருக்கும். மாணவர்களுக்கு மூன்றாவது வாரமே அலுத்துவிடும்.

டிவி5மோந்தின் பின்னணி பல நாடுகள் என்பதில் ஒரு லாபம் இருக்கிறது. பிரான்சில் எழுபதுக்குத் தனிச் சொல் இல்லை, அறுபது-பத்து என்பார்கள். தொண்ணூற்றேழு என்பது நான்கு-இருபது-பதினேழு. பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் 'செப்தாந்த்', 'நொனாந்த்' என்று நேரான சொற்கள் உண்டு. பாடநூல் இதை ஓர் அடிக்குறிப்பில் சொல்லும். பெல்ஜியச் செய்தி வாசிப்பாளர் வாயிலிருந்து ஒருமுறை கேட்டால் மறக்காது. இந்த எண்களைப் பழக்க எளிய வழி தொலைபேசி எண்கள். பிரான்சில் பத்து இலக்க எண்ணை இரண்டிரண்டாகச் சொல்வார்கள். அறுபது என்று காதில் விழுந்ததும் மாணவர் 6 எழுதிவிடுவார். அடுத்த நொடி 'பதினேழு' வரும், அடித்துவிட்டு 77 எழுத வேண்டும். ஆசிரியர் கற்பனை எண்களை வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பினால் போதும், எந்தத் தளமும் தேவையில்லை.

தமிழ்க் காதும் பிரெஞ்சு ஒலியும்

இந்தக் கட்டுரையில் பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறேன். அதை நம்பி யாரும் உச்சரித்துவிட வேண்டாம். ரொட்டிக்கான சொல்லையும் குளியலுக்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பேன்' ஆகிவிடும். உண்மையில் ஒன்றின் தொடக்கம் 'பல்' என்பதில் வரும் ப, மற்றது 'பயம்' என்பதில் வரும் ப. மீனுக்கும் விஷத்துக்கும் உள்ள வித்தியாசம் நடுவில் வரும் ஒரே ஒரு சகரத்தில்தான் இருக்கிறது. ஹோட்டலில் தப்பாகக் கேட்டால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் தேர்வில் மதிப்பெண் போகும். மாணவர்கள் நோட்டில் தமிழிலோ ஆங்கிலத்திலோ உச்சரிப்பை எழுதிவைத்துப் படிப்பதைத் தடுக்க, ஒலியைக் கையில் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதற்கு ஃபோர்வோ என்ற தளம் உதவும். தாய்மொழிக்காரர்கள் தனித்தனிச் சொற்களைப் பேசிப் பதிவு செய்திருப்பார்கள். பேசியவர் எந்த நாடு என்றும் போட்டிருக்கும். ஒரே சொல்லைப் பாரிஸ்காரரும் கியூபெக்காரரும் சொல்வதைப் பக்கத்தில் பக்கத்தில் கேட்கலாம். லரூஸ் அகராதியின் இணையப் பதிப்பிலும் உச்சரிப்பு ஒலி உண்டு.

கேட்டால் மட்டும் வாய்க்கு வந்துவிடாது. எங்கே நாக்கு, எங்கே உதடு என்று ஆசிரியர்தான் சொல்ல வேண்டும், அதுவும் மாணவரின் மொழியை வைத்து. பிரெஞ்சில் 'நீ' என்ற சொல்லில் வரும் உயிரொலி தமிழில் இல்லை. உகரம் சொல்வதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு, உள்ளே நாக்கை இகரத்துக்கு வைக்கச் சொன்னால் பெரும்பாலோருக்கு வந்துவிடும். மூக்கொலி உயிர்கள் கடினம் என்று எல்லா வழிகாட்டிகளும் பயமுறுத்தும். தமிழ்ப் பேச்சில் அது ஏற்கெனவே இருக்கிறது: 'அவன் வந்தான்' என்று பேச்சில் சொல்லும்போது கடைசி னகரம் நாக்கு தொடாமல் மூக்கில் கரைந்துவிடுகிறதே, கிட்டத்தட்ட அதுதான். எழுத்தைப் பார்த்துப் படிக்கும் தமிழ் மாணவர் னகரத்தை அழுத்திச் சொல்வார். பேச்சை நினைக்கச் சொன்னால் சரியாகிவிடும். இந்தக் குறிப்பு எந்தப் பிரெஞ்சுத் தளத்திலும் கிடைக்காது. உலகம் முழுக்க உள்ளவர்களுக்காகச் செய்தது அது. நம் மாணவர்களுக்கு எங்கே இடறும் என்று தெரிந்தவர் வகுப்பில் நிற்பவர்தான்.

பயிற்சி தருவது செல்போனில். மாணவர் ஒரு வரியைக் கேட்டு, தன் குரலில் பதிவு செய்து அனுப்புவார். வகுப்பில் நாற்பது பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை, வீட்டில் நாலு முறை அழித்துப் பதிவு செய்துவிட்டு நல்லதாக ஒன்றை அனுப்பும். ஆசிரியர் எல்லாவற்றையும் திருத்தப் போனால் தாங்க முடியாது. இந்த வாரம் மூக்கொலி மட்டும், அடுத்த வாரம் சொற்களைச் சேர்த்துச் சொல்வது மட்டும் என்று வைத்துக்கொள்பவர்கள்தான் வருடம் முழுக்கத் தாக்குப்பிடிக்கிறார்கள்.

பயிற்சித் தளங்கள்

கோடிட்ட இடத்தை நிரப்பும் வகைப் பயிற்சிகளுக்குப் பஞ்சமே இல்லை. லு புவான் து ஃப்ளே என்பது பல தளங்களின் பயிற்சிகளைத் தலைப்புவாரியாகத் தொகுத்து வைத்திருக்கும் ஒரு பெரிய அட்டவணை. 'எதிர்காலம்' என்று தேடினால் பாடம், பயிற்சி, ஒலி எல்லாம் வரிசையாக வரும். தானே பயிற்சி தயாரிக்க விரும்பும் ஆசிரியர்கள் லேர்னிங்ஆப்ஸ், குவிஸ்லெட், கஹூட் போன்றவற்றை வைத்துக்கொள்கிறார்கள். பிரான்சிலிருந்து வரும் லா டிஜித்தால் என்ற இலவசக் கருவித் தொகுப்பை நான் இவற்றுக்கு மேலாகச் சொல்வேன். மாணவர்கள் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. சின்னப் பிள்ளைகளின் மின்னஞ்சலைக் கண்ட இடத்தில் கொடுக்காமல் தப்பிக்கலாம்.

இந்தப் பயிற்சிகள் வினைச்சொல் வடிவங்கள், பால், எழுத்துக்கூட்டல் ஆகியவற்றுக்கு நல்லவை. உடனே சரி, தப்பு தெரிந்துவிடுகிறது. வீட்டுப்பாடமாக ஓடவிட்டு, வகுப்பு நேரத்தைப் பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். வகுப்பிலேயே கஹூட் வினாடி வினா நடத்தினால் கூச்சல் நன்றாக இருக்கும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்குப் பொருத்தம்.

மொழிபெயர்ப்புக் கருவிகளும் ஏஐயும்

வீட்டுப்பாடத்தில் திடீரென்று மாணவர் கற்காத ஒரு வினை வடிவம் பிழையில்லாமல் வந்தால் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும், டீப்எல் உதவியிருக்கிறது என்று. தடை போட்டுப் பார்த்தவர்கள் களைத்துவிட்டார்கள். இப்போது பலர் கருவியையே மேஜை மேல் எடுத்துவைக்கிறார்கள்: முதலில் நீயாக எழுது, பிறகு கருவியில் போடு, இரண்டுக்கும் என்ன வித்தியாசம், எது உன் மனதில் இருந்தது? நம் மாணவர்களிடம் இதில் ஒரு விசித்திரம் வெளிப்படும். அவர்கள் தமிழில் நினைத்து, ஆங்கிலத்தில் தட்டி, பிரெஞ்சில் எடுக்கிறார்கள். தமிழிலும் பிரெஞ்சிலும் இருக்கும் நீ, நீங்கள் வேறுபாடு நடுவில் ஆங்கிலத்தில் தொலைந்துபோகிறது. தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் 'நீ' என்று வந்து நிற்பது இப்படித்தான்.

ஏஐ உரையாடல் கருவிகளை ஆசிரியர்கள் பெரும்பாலும் தயாரிப்பு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள்: ஒரு செய்திக்குக் கேள்விகள் எழுத, ஒரே பயிற்சிக்குப் பத்து வாக்கியங்கள் கூடுதலாகப் போட. நேரம் மிச்சமாகிறது என்பது உண்மை. வெளியே போகும் முன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்க வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் அசல் ஆவணத்துக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஒரு பிரெஞ்சுப் பள்ளியின் மதிய உணவுப் பட்டியலை எழுதித் தா என்று கேட்டால் அழகாகத் தரும். ஆனால் அதைச் சாப்பிட்ட பிள்ளை யாரும் இல்லை. புதன் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பின்னால் ஓர் ஊரும் இருக்காது.

சில நடைமுறைச் சங்கடங்கள்

பிரெஞ்சுத் தொலைக்காட்சிகளின் தளங்களில் பல வீடியோக்கள் பிரான்சுக்கு வெளியே ஓடாது. வீட்டில் முதல் நாள் இரவே சரிபார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் பள்ளியின் வைஃபை எதைத் தடுக்கும் என்பதையும் சேர்த்து. லிங்க்குகள் காலாவதியாகும், பிடித்த பக்கத்தைத் தேதியோடு பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்வது நல்லது. வகுப்பில் கற்பிப்பதற்காக ஆசிரியர் ஒரு படைப்பை நகலெடுப்பதை இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதே கோப்பை யூடியூபில் ஏற்றுவதும் கட்டணப் பயிற்சி மையத்தின் பெயரில் விற்பதும் வேறு கதை.

யாருக்கு எது

தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் பிரெஞ்சு எடுக்கும் பலர் மதிப்பெண்ணுக்காகத்தான் எடுக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். கேள்வித்தாள் எழுத்துத் தேர்வு. விடைகளை மனப்பாடம் செய்தாலே நல்ல மதிப்பெண் வரும். அந்த வகுப்பில் ஆர்எஃப்ஐ செய்தியைக் கொண்டுவரும் ஆசிரியரை, 'இது பரீட்சைக்கு வருமா?' என்று மாணவர்கள் கேட்பார்கள். வாரத்துக்கு ஒரு பீரியட் இதற்கென்று ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களில் பாடநூலை நடத்துவதுதான் நடக்கக்கூடியது.

பிரான்சில் குடியேறிய ஈழத்தமிழர்களின் நிலை வேறு. பாரிஸ் புறநகரில் இருக்கும் ஒரு தாய்க்கு மேலே சொன்ன உணவுப் பட்டியல் வகுப்புப் பயிற்சி அல்ல. பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் நிஜத் தாள். 2024இல் வந்த குடியேற்றச் சட்டத்தின்படி, 2026 ஜனவரி 1 முதல் பல ஆண்டு வதிவிட அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று மொழித் தகுதி உயர்ந்திருக்கிறது. இவர்களுக்காக, பிரெஞ்சு மொழியும் பண்பாடும் கற்பிக்கும் மையமான பாரிஸ் அலியான்ஸ் ஃப்ரான்சேஸ் 'பிரான்சில் வாழ்வது' என்ற பொருளில் ஏ1, ஏ2, பி1 படிகளுக்கு இலவச இணையப் பாடநெறிகளை நடத்துகிறது. மருத்துவரிடம் நேரம் வாங்குவது, வேலை தேடுவது, பள்ளியோடு பேசுவது என்று அன்றாடக் காரியங்களைச் சுற்றி அமைந்தவை. வகுப்புக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு இதையே முதலில் சொல்லலாம். கனடாவுக்குப் போக டிசிஎஃப் என்ற பிரெஞ்சுத் திறன் தேர்வை எழுதுபவர்களுக்கு டிவி5மோந்த் தளத்திலேயே மாதிரித் தேர்வுகள் உண்டு.

சென்னையிலும் புதுச்சேரியிலும் உள்ள அலியான்ஸ் மையங்களில் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிச் சான்றிதழ்த் தேர்வை எழுதப்போகிறவர்கள், அந்தத் தேர்வை நிர்வகிக்கும் பிரெஞ்சு அரசு அமைப்பான ஃப்ரான்ஸ் எடுகாசியோன் இன்டர்நாசியோனால் தளத்தில் இருக்கும் மாதிரித் தாள்களை ஒலிப்பதிவோடு இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்த ஒன்றிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. ஏ1 தாளில் ரயில் நிலைய அறிவிப்பு, நண்பர் விட்டுச்சென்ற குரல் செய்தி, சின்ன விளம்பரம், விழா அழைப்பு மாதிரியானவைதான் வரும். ஒலிப்பதிவை இரண்டு முறை போடுவார்கள். முதல் முறை எதற்கு, இரண்டாவது முறை எதற்கு என்று வகுப்பில் பழகியவர், கேள்விகளை முதலில் படித்துவிட்டு ஒலிக்காகக் காத்திருப்பார்.